ஆண்டு முழுவதும் படித்தவற்றுள் எஞ்சி நிற்பது எது?

வினா

நண்பர்களுக்கு வணக்கம். படித்து முடிக்கும் ஒவ்வொரு நூலின் பெயரையும் முடித்த தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். ஆண்டு முடியச் சில நாள்களே இருக்கும் நிலையில் நேற்று அதைப் புரட்டினேன். மொத்தம் 43 நூல்கள் இருந்தன. அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. ஏப்ரலில் முடித்த ஒரு நாவலுக்கு எதிரே 'மிக நன்று' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடும் இட்டிருக்கிறேன்; கதை எந்த ஊரில் நடக்கிறது என்பதுகூட இப்போது நினைவில் இல்லை. குறிப்பே எழுதாமல் விட்ட அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலோ, ஜமுனாவும் சாயாவுமாக இன்னும் மனத்துக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. ஆண்டின் சிறந்த நூலைத் தேர்ந்தெடுக்கும்போது, படித்த வேளையில் பெற்ற இன்பத்தை அளவாகக் கொள்வீர்களா, இன்று எஞ்சியிருப்பதையா?

முதல் மறுமொழி

எஞ்சியிருப்பதைத்தான். இந்த ஆண்டு நான் படித்தவை ஆறே நூல்கள். அவற்றிலும் பாதி ஆண்டை உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எடுத்துக்கொண்டது. 1880இல் கும்பகோணத்தில் அவர் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியை நான்கு முறையாவது படித்திருப்பேன். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இளைஞரான உ.வே.சா. அந்தாதி, கலம்பகம், கோவை, உலா என்று பெருமிதத்தோடு அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவரின் முகத்தில் வியப்பின் சாயலே இல்லை. பிறகு சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேள்வி எழுகிறது, அதை அவர் படித்ததில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1887இல், அந்த நூலையே அவர் பதிப்பித்து வெளியிட்டார். தங்கள் 43ஐப் பார்த்ததும் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. குறை சொல்வதாகக் கொள்ள வேண்டாம். சென்ற ஆண்டு வரை நானும் அடுக்கிக்கொண்டிருந்தவன்தான்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதிய நண்பருடன் ஓரளவுக்கே உடன்படுகிறேன். அந்த இளைஞர் அந்தாதியும் கோவையும் படித்துப் பழகியிராவிட்டால் சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்திருக்கவே முடியாது. மறந்துபோன நூல்கள் வீணாகிவிட்டன என்று எப்படிச் சொல்வது?

என் அனுபவத்தையே சொல்கிறேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை முன்பு இரண்டு முறை தொடங்கி, ஐம்பது பக்கங்களைத் தாண்ட முடியாமல் மூடி வைத்தேன். மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைப் பேச்சும், நடப்பிலிருந்து நினைவுக்குச் சட்டென்று தாவும் நடையும் என்னை வெளியே தள்ளிவிட்டன. இந்த ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவைப் பற்றி இரண்டு வரலாற்று நூல்களைப் படித்த பிறகு மூன்றாம் முறை எடுத்தபோது, மெடானும் பினாங்கும் வெறும் பெயர்களாக இல்லாமல் போயின. கதைநாயகன் பாண்டியனோடு தடையின்றிப் போக முடிந்தது. அவ்விரு வரலாற்று நூல்களிலிருந்து இன்று ஒரு பத்தியைக்கூட என்னால் எடுத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அவை இல்லாமல் என் ஆண்டின் சிறந்த நூல் எனக்குக் கிடைத்திருக்காது.

மூன்றாம் மறுமொழி

தீர்ப்புச் சொல்லும் முன் அந்த ஏப்ரல் நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் ஒரு முறை படித்துப் பாருங்கள். மறந்தது நூலின் குறையா, அவசரமாகப் படித்ததன் விளைவா என்பது பத்துப் பக்கங்களில் தெரிந்துவிடும்.

வினா எழுப்பியவர்

அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். மூன்றாம் பக்கத்திலேயே ஊர் நினைவுக்கு வந்துவிட்டது, அங்கே ஓடும் ஆறும் வந்துவிட்டது. ஆனால் எட்டாம் பக்கத்தில் ஓரத்தில் நானே பென்சிலால் எழுதியிருந்த 'அருமை' என்ற சொல் எந்த வரியைக் குறிக்கிறது என்பது, அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தும் விளங்கவில்லை. எனவே அடிக்கோடுகளில் ஒன்றை அழித்துவிட்டேன். மற்றொன்றை ஆறு காப்பாற்றியது. இந்த ஆண்டுக்கு என் தேர்வு 'தண்ணீர்'தான். வருகிற ஆண்டின் குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் மட்டும் உடனே எழுதிவிட்டு, கருத்துக்கான இடத்தை மூன்று மாதங்கள் வெறுமையாக விட்டு வைக்கப் போகிறேன்.