நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நிறவெறி பற்றி எப்படிப் பேசுவது?

குடவாசல் டீச்சர்:
நான் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். ரைஸ் மில்லில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்துப் பையன் இந்த வருடம் சேர்ந்திருக்கிறான், தமிழை மளமளவென்று பிடித்துக்கொண்டான், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை, எல்லோருக்கும் அவன் 'வடக்கன்'. கறுப்பாக இருக்கும் ஒரு பெண் 'கரிச்சட்டி'. அதட்டினால் என் எதிரே அடங்குகிறார்கள், மைதானத்துக்குப் போனதும் மறுபடி அதே பாட்டுதான். வகுப்பில் இதைப் பேசப் போய், எல்லோரும் அந்த இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது?

திருவாரூர்க்காரன்:
அவர்களை உதாரணமாக்கினால் பார்க்கத்தான் செய்வார்கள் டீச்சர். "உனக்கு எப்படி இருந்தது, எழுந்து சொல்லு" மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டப்பெயர் வைத்தவனை அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். பாடத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். முகம் வரைந்தால் கிரேயான் டப்பாவில் இருக்கும் வெளிர் ரோஸைத்தான் பூசுவார்கள் இல்லையா, அதை எடுத்து வைத்துவிட்டு, பிரவுன், மஞ்சள், வெள்ளை கலந்து அவரவர் புறங்கை நிறத்தைக் கொண்டுவரச் சொன்னேன். 'நான் வெள்ளை' என்று இருந்த பிள்ளைக்கும் பிரவுன் இல்லாமல் முடியவில்லை. அந்த நேரத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனினைப் பற்றிச் சொன்னால் மண்டையில் ஏறும்: எல்லோர் தோலிலும் அதே சரக்குதான், கூடக் குறைய இருக்கும், வெயிலிலிருந்து காப்பாற்றுவது அதன் வேலை.

பொறையார் அக்கா:
கதைக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம், நம்ம தில்லையாடி இருக்கிறதே. வள்ளியம்மைக்குப் பூர்வீகம் இங்கே, பிறந்தது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில். ஒப்பந்தக் கூலியாகப் போய், காலம் முடிந்தும் அங்கேயே தங்கிய இந்தியர்கள் வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று கோர்ட் வேறு சொல்லிவிட்டது. இதையெல்லாம் எதிர்த்துக் காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் வள்ளியம்மை சிறைக்குப் போனவர், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். வயது 16, உங்கள் பிள்ளைகளின் அக்கா வயது. பிழைக்கப் போன இடத்தில் நம்மவர்களை இப்படி நடத்தினார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பிழைக்க வந்த பையனோடு அதை நீங்கள் முடிச்சுப் போடாதீர்கள், அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

நாகை சார்:
தென்னாப்பிரிக்கா சரி. நம் தெருவை விட்டுவிட்டுப் பேசினால் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். கீழவெண்மணி இங்கேதான், 1968இல் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்துக் கொன்றார்கள். நாலாம் வகுப்பில் அதை விவரிக்கச் சொல்லவில்லை, அந்த வயதுக்குத் தாங்காது. ஆனால் சாதியைப் பற்றி ஒரு பிள்ளை ஏதாவது கேட்டால் "அதெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். "சிலர் அப்படி நடத்துகிறார்கள், அது தப்பு, இந்த வகுப்பில் நடக்காது", இது போதும். அப்புறம் ஒன்று, ஆண்டு விழாவில் பன்னீர் தெளிக்க வாசலில் யாரை நிறுத்துகிறோம்? வருடா வருடம் சிவப்பாக இருக்கிற பெண் பிள்ளைகளைத்தான். நாம் நடத்தும் பாடத்தைவிட இதைத்தான் அவர்கள் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.

குடவாசல் டீச்சர்:
பன்னீர் விஷயம் உண்மைதான் சார், எங்களிடமும் அதே கதைதான். இந்தத் தடவை சீட்டுக் குலுக்கிப் போடுகிறேன். சரி, "பாடத்தை விட்டுவிட்டு இதெல்லாம் எதுக்கு" என்று பெற்றோர் யாராவது வந்தால்?

பொறையார் அக்கா:
வரலாறு நடத்துகிறேன் என்று சொல்லுங்கள், அதில் பொய் இல்லையே. தில்லையாடியில் நினைவு மண்டபம் இருக்கிறது, ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். சண்டைக்கு வருகிற பெற்றோருக்கும் அதில் ஒரு சீட் போடுங்கள்.