பி.பி.டி. முடியப் போகுது: எம்.பி.டி.யா, லண்டன் எம்.எஸ்சி.யா?

திருச்சி_இன்டர்ன்:
பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) இன்டர்ன்ஷிப் கடைசிக் கட்டத்துல இருக்கேன். அடுத்து இங்கயே எம்.பி.டி. (அதோட முதுநிலை) பண்றதா, வெளிநாடு போறதான்னு குழப்பம். பிடிச்சது நியூரோ, அதாவது மூளை, நரம்பு பாதிப்புக்கான பிசியோ. ஸ்ட்ரோக் வந்த தாத்தாவைப் பாரலல் பார்ல (ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கற கம்பி) நிக்க வைக்கிறப்ப வர்ற சந்தோஷம் முட்டிவலிக்கு மெஷின் வைக்கிறப்ப வரல. ஒரு கன்சல்டன்சிக்காரர், "லண்டன்ல ஒரு வருஷ எம்.எஸ்சி. முடிச்சா அங்கயே பிசியோ வேலை"ங்கறார். பெரியப்பா பையன் அமெரிக்கா போய் டி.பி.டி. (பிசியோதெரபில டாக்டர் பட்டம்) பண்ணுங்கறான். அப்பா பஸ் கண்டக்டர். கடன் ஒரு தடவைதான் வாங்க முடியும். எதுக்கு வாங்கறது?

லீட்ஸ்_கோவைக்காரி:
தங்கச்சி, பட்டம் வேற, லைசென்ஸ் வேற. இங்க இங்கிலாந்துல பிசியோதெரபிஸ்ட்னு சொல்லிக்கவே எச்.சி.பி.சி.ங்கற ஒழுங்குமுறை அமைப்போட பதிவு வேணும். அதுக்கு உன் பி.பி.டி.யை வச்சே ஊர்ல இருந்து விண்ணப்பிக்கலாம். பாடத்திட்டம், கிளினிக்கல் போஸ்டிங் (வார்டுல பயிற்சி எடுத்தது) எல்லாம் பார்ப்பாங்க. ஐ.இ.எல்.டி.எஸ். (ஆங்கிலத் தேர்வு) கேட்டா மொத்தத்துல 7 மதிப்பெண், எந்தப் பிரிவும் 6.5க்குக் கீழ போகக் கூடாது. ஏற்கெனவே பிசியோவா இருக்கறவங்களுக்கான ஒரு வருஷ 'அட்வான்ஸ்டு' எம்.எஸ்சி. முடிச்சா மட்டும் பதிவு கிடைக்காது. வேற டிகிரி படிச்சவங்க பிசியோ ஆகறதுக்கு 'ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' எம்.எஸ்சி. தனியா இருக்கு, பொதுவா ரெண்டு வருஷம். அந்த ஆள்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: இந்தக் கோர்ஸ் எச்.சி.பி.சி. பட்டியல்ல இருக்கா?

டெக்சாஸ்_பிசியோ:
அமெரிக்கா கதை இன்னும் நீளம். 2016லிருந்து அங்கீகாரம் உள்ள பிசியோ படிப்பு டி.பி.டி. மட்டும்தான், சுமார் மூணு வருஷம், செலவு தலை சுத்தும். நம்மாளுங்க நிறைய பேர் போறது வேற வழி: எஃப்.சி.சி.பி.டி. மாதிரி அமைப்பு உங்க படிப்பு அமெரிக்கப் படிப்புக்குச் சமமான்னு எடை போடும், அப்புறம் என்.பி.டி.இ.ங்கற லைசென்ஸ் தேர்வு, லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம். எடை போடறப்ப எம்.பி.டி. பாடங்கள் கைகொடுக்கும். 'ட்ரான்சிஷனல்' டி.பி.டி.னு ஒண்ணு விளம்பரம் பண்ணுவாங்க. அது ஏற்கெனவே தகுதி உள்ள பிசியோக்களுக்கு. அதை முடிச்சதால லைசென்ஸ் வந்துடாது.

நியூரோ_வாத்தியார்:
நான் சொல்றது: நியூரோ எம்.பி.டி. இங்கயே பண்ணும்மா. ரெண்டு வருஷம், தீசிஸ் உண்டு. காலேஜ்ல பாடம் எடுக்கணும்னா அது இல்லாம நடக்காது. கிளினிக் போடறது சுலபம்னு எல்லாரும் ஆர்த்தோவுக்கு (எலும்பு, மூட்டு) ஓடுவாங்க, நீ ஓடாதே. ஆனா காலேஜ் பேரைப் பார்த்துச் சேராதே, வார்டைப் போய்ப் பாரு. ஸ்ட்ரோக், தலைக்காயம், தண்டுவடக் காயம் மூணும் படுக்கையில இருக்கா? பேஷண்டே இல்லாத காலேஜ்ல நியூரோ படிக்கறது பணத்துக்குக் கேடு. முடிஞ்சா வேலூர் சி.எம்.சி.யோட பாகாயம் ரீஹாப் (மறுவாழ்வு சிகிச்சை) மையத்தை ஒரு நாள் பார்த்துட்டு வா. 1966ல டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கினது. விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்து, வீல்சேர்ல இருந்தே ஆபரேஷன் பண்ணவங்க. கடனைப் பத்தி: சம்பாதிச்சு, பதிவு கையில வந்தப்புறம் வெளிநாடு போனா கடன் சின்னதா இருக்கும்.

திருச்சி_இன்டர்ன்:
கன்சல்டன்சில கேட்டேன் அக்கா. "அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம் மேடம்"னார். வச்சுட்டேன். சார், வார்டு பார்க்கக் கிளம்பறேன். அக்கா, ஒரு சந்தேகம்: எச்.சி.பி.சி.க்கு அனுப்பற சிலபஸுக்கு யார்கிட்ட சீல் வாங்கறது?

லீட்ஸ்_கோவைக்காரி:
சிலபஸ், போஸ்டிங் விவரம் காலேஜ்ல. ட்ரான்ஸ்கிரிப்ட் (மொத்த மதிப்பெண் விவரம்), நீ எம்.ஜி.ஆர். மருத்துவ யூனிவர்சிட்டின்னா சென்னை கிண்டியில. இன்டர்ன்ஷிப் முடியறதுக்குள்ள வாங்கிடு. அப்புறம் ஆபீஸ்ல உன் முகமே ஞாபகம் இருக்காது.