காது மிசின்: சாதாரணத்தில ரெண்டா, விலை கூடினதில ஒண்டா?

நெடுங்கேணி:
ஒரு வீட்டுக்காக முடிவெடுக்க வேண்டியிருக்கு. மல்லாவிப் பக்கம் 66 வயது கமக்காரர். ரெண்டு காதிலயும் கேள்வி இழப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி: 500 ஹேர்ட்ஸில 35 டெசிபெல், 1000 இல 45, 2000 இல 60, 4000 இல 75. காது வடியிறதில்லை, செவிப்பறை நல்ல நிலையில. சத்தம் கேக்குது, சொல்லு விளங்கேல்லை எண்டதுதான் முறைப்பாடு. இருக்கிற காசுக்கு ரெண்டு வழி. சாதாரண டிஜிற்றல் பின்காது மிசின் ரெண்டு, காது அச்சோட (அவரவர் காதின்ர அளவுக்குச் செய்யிற மூடி). இல்லாட்டி சார்ஜ் பண்ணுற, விலை கூடின ஆர்.ஐ.சி. (ஸ்பீக்கர் காதுக்குள்ள இருக்கிற வகை) ஒண்டு. எது பிரயோசனம்?

ஒலிமானி:
ரெண்டு. இதில எனக்குச் சந்தேகமே இல்லை. ரெண்டு காதிலயும் ஒரே அளவு இழப்பு இருக்கேக்க ஒண்டுக்கு மட்டும் மிசின் போட்டால், மற்றப் பக்கத்தில நிண்டு கதைக்கிறவரின்ர குரலைத் தலை மறைக்கும். 2000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சுச் சத்தம் தலையைச் சுத்தி வரேக்க 10 டெசிபெலுக்கு மேல குறைஞ்சு போகும். இவருக்கு இல்லாமப் போனதே அந்த மேல் சத்தம்தான். வாகனம் எந்தப் பக்கத்தால வருது எண்டு மூளை பிடிக்கிறதும் ரெண்டு காதுக்கும் வாற வித்தியாசத்தை வைச்சுத்தான். ஏ9 றோட்டைக் கடக்கிற மனிசருக்கு அது சின்ன விசயமில்லை.

பெருக்கமும், அதாவது மிசின் சத்தத்தைக் கூட்டிற அளவும், அதிகம் தேவையில்லை. இழப்பில பாதி எண்டது பழைய கணக்கு, ஆரம்பத்துக்குக் காணும்: 2000 இல 30, 4000 இல 37 டெசிபெல் அளவு. சாதாரண டிஜிற்றல் மிசின் அதைத் தாராளமாத் தரும்.

முல்லைக்கரை:
ஒலிமானி அண்ணை, பெருக்கத்தில எனக்குச் சண்டை இல்லை. 500 இல 35 எண்டதைப் பாருங்கோ. கீழ்ச் சத்தம், அதாவது கனத்த சத்தம், இவருக்கு ஓரளவு நல்லாவே கேக்குது. அச்சால காதை அடைச்சால் தன்ர குரல் தனக்கே குடத்துக்குள்ள கதைக்கிற மாதிரி முழங்கும், சோறு மெல்லுற சத்தமும் இடிக்கும். மிசின் கெதியில அலுமாரிக்குள்ள போயிடும். ஆர்.ஐ.சி. காதைத் திறந்தபடி விடும். ரெண்டு மைக் சேர்ந்து முன்னுக்கு நிக்கிறவரின்ர குரலைப் பிரிச்சுத் தூக்கும். கோயில் திருவிழா, கலியாண வீடு, கமக்காரர் அமைப்புக் கூட்டம், இப்படி ஆக்கள் கூடுற இடத்திலதான் இந்த மாதிரிக் காதுக்குக் கஷ்டம். இப்ப நல்லது ஒண்டை வாங்கி, காலபோக நெல்லு வித்த பிறகு மற்றதை வாங்கட்டும்.

ஒலிமானி:
அடைப்பு உண்மை. ஆனா அதுக்கு மருந்து அச்சிலயே இருக்கு. அச்சு செய்யக் குடுக்கேக்க 2 மில்லிமீற்றர் காத்துத் துவாரம் வைக்கச் சொல்லி எழுதிக் குடுக்க வேணும். கீழ்ச் சத்தம் அதால வெளியேறிடும், முழக்கம் குறையும். சொல்லாட்டி சில இடங்களில துவாரமே இல்லாம வரும்.

முழுசாத் திறந்து விடுறதில இருக்கிற சிக்கலையும் யோசியுங்கோ. 4000 இல 75 டெசிபெல் இழப்புக்கான சத்தத்தைத் திறந்த காதுக்குள்ள விட்டால், அது வெளியில வந்து மைக்குக்குள்ள திரும்பிப் போய் விசிலடிக்கும். விசிலை அமத்த மிசின் தானாவே மேல் சத்தத்தைக் குறைக்கும். எதுக்காகக் காசு குடுத்தமோ அதுவே போச்சு. ஆகவே ஆர்.ஐ.சி. வாங்கினாலும் இவருக்கு மூடின டோம் (நுனியில போடுற ரப்பர் மூடி), இல்லாட்டி அச்சுத்தான். ரெண்டு மைக் இப்ப சாதாரண டிஜிற்றல் மிசின்களிலயும் வருது. கேட்டு வாங்க வேணும். அதின்ர உதவியும் ஆள் முன்னுக்கு, ரெண்டு மீற்றருக்குள்ள நிண்டால்தான்.

சோளகம்:
ரெண்டு பேரும் காதுக்குள்ளயே நிக்கிறியள். வன்னி வெயிலில, புழுதிக்க, வேர்வைக்க இந்தச் சாமான் எப்படித் தாங்கும் எண்டதையும் பாக்க வேணும்.

ஆர்.ஐ.சி. இன்ர ஸ்பீக்கர் காதுக்குள்ள இருக்குது. குறும்பி போய் அடைச்சால் முதல்ல மாத்த வேண்டியது நுனியில இருக்கிற சின்ன வக்ஸ் கார்ட், குறும்பி போகாமத் தடுக்கிறது. அதை மாத்தாம விட்டால் ஸ்பீக்கரே போகும், புதுசு வரும்வரைக்கும் மிசின் இல்லை. பின்காது மிசினில ஸ்பீக்கர் மேல இருக்குது, காதுக்குள்ள போறது அச்சும் ரியூபும்தான். அச்சைக் கழட்டி, இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணியில கழுவி, ரியூபுக்குள்ள நிக்கிற தண்ணியைச் சின்னக் காத்துப் பம்பால ஊதி விட்டால் சரி. மிசினில தண்ணி படவே கூடாது. ரியூப் 3 முதல் 6 மாதத்தில மஞ்சளாகி விறைச்சுச் சுருங்கும், அச்சு இழுபட்டு விசில் வரும். கன பேர் மிசின் பழுது எண்டு நினைக்கிறது இதைத்தான். மாத்திறது சில நிமிச வேலை. வழமையான ரியூப் நம்பர் 13. பற்றறியிலயும் 13 இருக்கு, குழம்பாதேங்கோ.

பற்றறி: 13 எண்டால் செம்மஞ்சள் ஸ்ரிக்கர், 312 எண்டால் மண்ணிறம், 675 நீலம். ஸ்ரிக்கரை உரிச்ச உடன காத்து உள்ள போய் வேலை தொடங்கும். ஒரு நிமிசமாவது வெளியில வைச்சிட்டுப் போடுங்கோ. திரும்ப ஒட்டினாலும் நிக்காது. பிரிட்ஜில வைக்கக் கூடாது, ஈரம் துவாரத்தை அடைக்கும். 13 நம்பர் 10 முதல் 14 நாள் நிக்கும். 10 எண்டு பிடிச்சால் ஒரு காதுக்கு வருசம் 36, ரெண்டுக்கும் 72. ஒரு அட்டையில 6 வரும், ஆக 12 அட்டை. இந்தச் செலவை ஒருத்தரும் முதலே சொல்லிறதில்லை.

இரவில பற்றறிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடின டப்பாவுக்குள்ள மிசினை வைக்க வேணும். மாரியில இது கட்டாயம்.

முல்லைக்கரை:
சோளகம், நீங்கள் சொன்னதே எனக்குச் சாட்சி. மண்வெட்டி பிடிச்சுக் காய்ச்ச விரலால அந்தச் சின்ன ஸ்ரிக்கரை உரிச்சு, பக்கம் பாத்துப் போடுறது லேசில்லை. கண்ணும் மங்கலாயிருக்கும். சார்ஜ் மிசினைப் பெட்டியில வைச்சால் 3, 4 மணித்தியாலத்தில முடிஞ்சுது, அடுத்த நாள் முழுக்க ஓடும். கரண்ட் போனாலும் யூஎஸ்பி சார்ஜர் எண்டால் பவர் பாங்கிலயே ஏத்தலாம்.

சோளகம்:
அதை ஏத்துக்கொள்ளுறன், விரல் ஒரு பெரிய காரணம். அதுக்காகத்தான் சின்ன 312 வேண்டாம், அதைவிடப் பெரிய 13 எண்டு சொல்லுறன். லிதியம் பற்றறி 4, 5 வருசத்தில இறங்கும், அதை வீட்டில மாத்தேலாது. வாங்கேக்கயே அந்தச் செலவைக் கேளுங்கோ.

பனங்கூடல்:
இந்த இழையை வேற வீட்டுக்காரரும் படிப்பினம், அதால ஒரு விசயம். எங்கட பக்கத்தில ஷெல் அடியில செவிப்பறை கிழிஞ்ச காது கன பேருக்கு இருக்கு. வடியிற காதை அச்சால அடைச்சால் கிருமி கூடும். முதல்ல ஈஎன்டி கிளினிக்கில காட்டி, காதைக் காய வைச்சு, பறையைத் தைக்கலாமா எண்டு கேக்க வேணும். தொடர்ந்து வடிஞ்சால் எலும்பு வழியாக் கேக்க வைக்கிற மிசின் இருக்கு. குண்டுச் சத்தத்தில உள்நரம்பு முழுசாச் செத்த காதுக்குப் பெருக்கம் போட்டுப் பிரயோசனம் இல்லை. சொல் விளங்கும் சோதனையில நூற்றுக்கு எவ்வளவு வந்தது எண்டு பாக்காம மிசின் தெரிவு செய்யிறது பிழை.

ஒன்லைனில மலிவா வாற சத்தம் கூட்டிற சாமானையும் வாங்காதேங்கோ. அது நல்லாயிருக்கிற கீழ்ச் சத்தத்தையும் சேர்த்து ஏத்தும். உச்சச் சத்தத்துக்குச் சரியான கட்டுப்பாடு இல்லாட்டி, லாண்ட்மாஸ்ரர் உழவு மிசின் பக்கத்தில நிக்கேக்க மிச்சக் காதும் போகும். முகாம் வைச்சு இலவசமாக் குடுக்கிற மிசினும் அளவெடுத்து, அச்சு எடுத்து, திரும்ப வந்து சரி பார்த்தால்தான் நன்கொடை. ஒரே அளவு ரப்பர் மூடியோட குடுத்திட்டுப் போறது வீண்.

ஒலிமானி:
பனங்கூடல் சொன்னது அத்தனையும் சரி. முல்லைக்கரைக்கு ஒரு கணக்கு. உதாரணத்துக்கு ரெண்டு மிசினும் 1,20,000 ரூபாய், 5 வருசம் ஓடுது எண்டு வைப்பம். ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் போட்டால் 18,250 மணித்தியாலம், மணிக்கு 6 ரூபாய் 60 சதம் அளவு. 2 மணித்தியாலம் மட்டும் போட்டால் மணிக்கு 33 ரூபாய். விலையைத் தீர்மானிக்கிறது போடுற நேரம். டிஜிற்றல் மிசின்களில கனக்க அந்த நேரத்தைத் தாங்களே பதிஞ்சு வைக்கும். பொருத்துறவர் கொம்பியூட்டரில போட்டுப் பாக்கலாம். முதல் தடவை சரி பாக்கப் போகேக்க அதைக் காட்டச் சொல்லுங்கோ. நேரம் குறைவெண்டால் மிசினில, அச்சில, சத்த அளவில ஏதோ சரியில்லை.

முல்லைக்கரை:
போடுற நேரம்தான் விலை எண்டால், அவருக்குப் பிடிச்சதைத்தான் அவர் போடுவார். எனவே ரெண்டு வகையையும் காதில வைச்சுப் பாக்காம பில் போட விடாதேங்கோ. ஆள் இல்லாத அறைக்குள்ள இல்லை, சந்தைக்குள்ள. அச்சுக்கு 2 மில்லிமீற்றர் துவாரம் வைச்சு முழக்கம் தாங்கக்கூடியதா இருந்தால் ரெண்டுக்கு நானும் ஓம். இல்லாட்டி என்ர பேச்சில மாற்றமில்லை.

நெடுங்கேணி:
அப்ப பில்லில என்ன என்ன எழுதி வாங்க வேணும்?

சோளகம்:
வைச்சுப் பாத்துத் திருப்பிக் குடுக்க எத்தினை நாள், முதல் வருசம் சரி பாக்கிறது எத்தினை தடவை இலவசம், அச்சு பொருந்தாட்டித் திரும்பச் செய்து தருவினமா, உத்தரவாதத்தில ஈரத்தால வாற பழுது அடங்குமா, திருத்தக் குடுத்த நாட்களில மாற்று மிசின் இருக்குமா. காதுக்குள்ள மெல்லிய குழாய் விட்டு, உண்மையில எவ்வளவு சத்தம் போகுது எண்டு அளக்கிற வசதி இருந்தால் அந்த இடத்துக்கே போங்கோ, வவுனியாவோ யாழ்ப்பாணமோ, பஸ் காசைப் பாக்காம. வீட்டுக்கு வந்த பிறகு சிவப்புக் குறி வலக் காது, நீலம் இடக் காது. மாறிப் போட்டால் அச்சும் இறங்காது, விசிலும் நிக்காது.