கூபர் பீடியில் என்னைத் திட்டிய ஓப்பல்காரர்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 850 கிலோமீட்டர் போனால் கூபர் பீடி வரும். 1915-இல் 14 வயதுப் பையன் ஒருவன் ஓப்பல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்த இடம். 'வெள்ளைக்காரன் குழி' என்று ஊர்ப் பெயருக்குப் பழங்குடி மொழியில் பொருள் சொல்வார்கள். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மண்குவியல்தான், பக்கத்திலேயே குழி. ஓடாதீர்கள், பின்பக்கமாக நடக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

படித்துவிட்டுத்தான் போனேன். ஜூலை மாதம், பொழுது சாயும் நேரம். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தேன். "அசையாதே!" என்று ஒரு குரல், கூடவே காது கூசும் வசவு. நெஞ்சுவரை தாடி, உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதி, பக்கத்தில் நாய். வந்த வேகத்தில் என் கையைப் பிடித்து இழுத்தார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு கல்லை எடுத்து எனக்குப் பின்னால் போட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணிய பிறகுதான் சத்தம் கேட்டது.

அப்புறமும் அவர் முகம் இளகவில்லை. பையில் டார்ச் இருக்கிறதா, யாரோடு வந்தாய் என்று துருவினார். காரணம் பிறகு புரிந்தது. மாதக்கணக்கில் தோண்டி ஒருவர் கல் ஓடும் தடத்தைக் கண்டுபிடித்ததும், இரவோடு இரவாக இறங்கி அதைச் சுரண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. 'ராட்டர்' என்றுதான் சொல்கிறார்கள், எலி வேலை. அவருக்கு இருப்பதோ 50 மீட்டருக்கு 50 மீட்டர் நிலம்.

கேமராப் படங்களைப் பார்த்த பிறகு, மலையைக் குடைந்த தன் வீட்டுக்குள் அழைத்துப் போய்க் காபி கொடுத்தார். வெளியே பல் நடுங்கும் குளிர், உள்ளே இதமாக இருந்தது. குரோஷியாவில் பிறந்தவராம், 60-களில் வந்தாராம். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை, வெடிமருந்தில் போனவை. இதுவரை எவ்வளவு கல் கிடைத்தது என்று கேட்டுவிட்டேன். "வரி ஆபீசரும் திருடனும்தான் அதைக் கேட்பார்கள்" என்றார். கேட்டிருக்கக் கூடாது, என் தப்புதான்.

அந்தக் குழி அவருடையதே இல்லை, எவரோ விட்டுப்போனது. மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். குழியைச் சுற்றி நாலு பழைய டயர்கள் கிடந்தன.