நண்டுச் சதை ஏற்றுமதி: அமெரிக்க வரியா, ஐரோப்பியச் சான்றா? எதை முதலில் பார்ப்பது?

தொண்டிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். தொண்டியிலிருந்து மண்டபம் வரை நாட்டுப்படகு நண்டு வாங்கி, அவித்துச் சதை எடுத்து ஒரு கம்பெனிக்குக் கொடுத்து வருகிறோம். இனி வணிக ஏற்றுமதியாளராகப் பதிந்து, அனுமதி பெற்ற ஆலையில் டின்னில் அடைத்து எங்கள் பெயரிலேயே அனுப்பத் திட்டம். அமெரிக்கப் பார்ட்டி நல்ல விலை சொல்கிறார், ஆனால் இறக்குமதி வரியில் பாதியை நாங்கள் ஏற்க வேண்டுமாம். ஸ்பெயின் பார்ட்டி விலை குறைவு, கேட்ச் சர்டிபிகேட் கேட்கிறார். சீனாவுக்கு முழு நண்டு உறைய வைத்துக் கேட்கிறார்கள். கடல் அட்டையும் சேர்த்து அனுப்பலாம், இலங்கையிலிருந்து தாராளமாகப் போகிறது என்று ஒரு தரகர் சொல்கிறார். அந்தந்த நாட்டுச் சட்டம், அரசியல் என்று பார்த்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மூக்கையூர் பாய்:
அட்டைப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்க தம்பி. இலங்கையில் அதை வளர்த்து, உரிமம் வாங்கி அனுப்புறாங்க. அங்கே அது சரக்கு. இங்கே 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. பிடிக்கிறது, காய வைக்கிறது, வைத்திருக்கிறது எல்லாமே குற்றம். 3 வருஷத்திலிருந்து 7 வருஷம் வரை சிறை. எந்தச் சான்றிதழும் இதைச் சரக்காக மாற்றாது. அந்தத் தரகரிடம் நண்டுப் பேச்சும் வேண்டாம்.

பில் ஆஃப் லேடிங்:
அமெரிக்கப் பார்ட்டி கேட்கும் "பாதி"யைக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50% ஆனதே, அப்போதைய அந்த விகிதத்தையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். 100 டாலர் சரக்குக்கு வரி 50, அவருக்கு அடக்கம் 150. பாதியை நீங்கள் ஏற்பது என்றால் அவருடைய அடக்கம் 125 ஆக வேண்டும். அதற்கு நீங்கள் 25 டாலர் குறைக்க வேண்டியதில்லை. விலை குறைந்தால் வரியும் கூடவே குறையும். 83.33 டாலருக்குக் கொடுத்தால் வரி 41.67, மொத்தம் 125. அதாவது நீங்கள் விடுவது 16.67 தான். பேச்சுவார்த்தையில் பலர் 25-ஐக் கொடுத்துவிட்டு வருகிறார்கள், மிச்சம் முழுக்க அவர் பைக்குத்தான். வரி விகிதம் ஒரே ஆண்டில் பல முறை மாறிய நாடு அது. ஒப்பந்தத்தில் ஒரே விலையை எழுதாமல், "வரி இத்தனை சதவீதமானால் விலை இவ்வளவு" என்று சிறு அட்டவணையாகவே எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் வரி எஃப்ஓபி மதிப்பின் மீது (கப்பலில் ஏற்றும் வரையான விலை), ஐரோப்பாவில் சிஐஎஃப் மீது (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை). இரண்டையும் ஒரே தாளில் ஒப்பிட்டால் கணக்குப் பிசகும்.

டிடிபி (வரியும் கட்டி வாங்குபவர் இடத்திலேயே சேர்ப்பது) என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வரி முழுக்க உங்கள் தலையில் விழும். எஃப்ஓபி தூத்துக்குடி போதும்.

தேதி விஷயம் பலரும் கோட்டை விடும் இடம். அந்த ஆகஸ்டு மாற்றத்தில், 27-ஆம் தேதிக்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் உள்ளே நுழைந்த சரக்குக்கு விலக்கு தந்தார்கள். ஆனால் கணக்கு கடைசிக் கப்பலுக்கு. தூத்துக்குடியில் ஃபீடர் கப்பலில் (பெரிய துறைமுகம் வரை கொண்டுசேர்க்கும் சிறு கப்பல்) ஏறிய தேதியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறிய தேதியையும் பாருங்கள். இப்படி ஒரு மாற்றம் வரும் என்ற பேச்சு இருக்கும்போது கொழும்பில் தேங்காத வழியாக முன்பதிவு செய்யுங்கள், கொஞ்சம் கட்டணம் கூடினாலும்.

ஈசிஜிசி (மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு எடுக்கலாம். சரக்கு போன பிறகு அந்த நாடு புதிதாக இறக்குமதித் தடை போட்டால், பணம் அனுப்புவதை நிறுத்தினால், போர் வந்தால் அரசியல் இடர் என்று இழப்பீடு உண்டு. தரம் சரியில்லை என்ற தகராறுக்குக் கிடையாது. வரி கூடி உங்கள் லாபம் கரைவதற்கும் கிடையாது.

இன்னொன்று: "இன்வாய்ஸில் குறைத்துப் போடுங்கள், மீதியை வேறு வழியில் தருகிறேன்" என்பார்கள். அங்கே சுங்க மோசடி, இங்கே அந்நியச் செலாவணிச் சட்ட மீறல். 

கரைவலை:
வரி கூடும், இறங்கும். அதை மட்டும் வைத்துச் சந்தையைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் படகுகளால் எந்தக் காகிதத்தைத் தர முடியும் என்று முதலில் பாருங்கள், சந்தை அதிலிருந்தே தெரிந்துவிடும். அந்த வகையில் ஸ்பெயின் உங்களுக்குக் கடினமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல் கடலில் பிடித்த பொருளுக்கு கேட்ச் சர்டிபிகேட் கேட்கிறது. சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்ததல்ல என்பதற்கான சான்று அது. நம் பக்கம் எம்பெடா (கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) சரிபார்த்துத் தரும். 12 மீட்டருக்குக் குறைவான, இழுவலை போடாத படகுகளுக்கு எளிய படிவம் உண்டு. பல படகுகளின் பிடிப்பை ஒரே சான்றில் பட்டியலிடலாம். நண்டு வலை போடும் வல்லங்கள் பெரும்பாலும் இதற்குள் வரும். விசைப்படகு நண்டு கலந்தால் இந்த வசதி போய்விடும்.

எல்லைப் பிரச்சினை இதில்தான் வந்து சேர்கிறது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் போட்ட கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுமதியின்றிப் பிடித்தது ஐரோப்பியச் சட்டப்படி திருட்டுப் பிடிப்பு. இலங்கை 2017-இல் இழுவலையையே தடை செய்துவிட்டது. அங்கே பிடிபட்ட படகின் பெயர் உங்கள் பட்டியலில் இருந்தால் சான்று நிற்காது. நம் பக்கமும் தீவுகளை ஒட்டிய மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் பிடித்தது ஆகாது. ஐரோப்பா சும்மா மிரட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். இதே காரணத்துக்காக இலங்கை மீனுக்கு 2015 ஜனவரியில் கதவைச் சாத்தியது, 2016 ஜூனில்தான் திறந்தது. ஒழுங்காகப் பிடித்தவர்களின் சரக்கும் அத்தனை மாதம் நின்றது.

அடுத்து ஆலை. ஐரோப்பியப் பட்டியலில் எண் உள்ள ஆலையாக இருக்க வேண்டும். சுகாதாரச் சான்று ஏற்றுமதி ஆய்வு முகமை தரும். சதை எடுக்கும் கூடமும் அந்த அனுமதிக்குள் வர வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து எடுத்த சதைக்கு இடமில்லை. காட்மியம், ஈயம், பாதரசம் மூன்றுக்கும் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் உச்சம். நண்டில் அளப்பது கால், கொடுக்குச் சதையை.

கடலில் பிடித்த நண்டில் மருந்து எப்படி வரும் என்று கேட்பார்கள். சதை எடுக்கும் பெண்களின் விரலில் ஓடு குத்தும். அந்தப் புண்ணுக்குப் போடும் களிம்பில் குளோராம்பெனிகால் இருந்தால் போதும், சோதனையில் பிடிபடும். ஐரோப்பாவில் நடவடிக்கை அளவு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். அமெரிக்காவும் இதற்காகத் தனித் தடைப் பட்டியலே வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏறினால் ஒவ்வொரு பெட்டியும் துறைமுகத்தில் நிற்கும். கூடத்தில் கையுறை, நீலநிறப் பிளாஸ்டர், வீட்டு மருந்துக்குத் தடை. புண் உள்ளவருக்கு அன்று வேறு வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காமல். குறைத்தால் புண்ணை மறைப்பார்கள்.

சீனாவுக்கு அவர்கள் சுங்கத் துறையில் ஆலை பதிவாகி, அந்த எண் உள் உறையிலும் வெளிப் பெட்டியிலும் அச்சாக வேண்டும். உயிர் நண்டும் உறைந்த நண்டும் ஒரே அனுமதியில் போகாது.

பிறகு இறாலையும் சேர்க்கலாம் என்று தோன்றும். நம் கடல் இறால் அமெரிக்காவில் நுழையாது. ஆமை தப்பிக்கும் கருவி இழுவலையில் இல்லை என்பது காரணம். வளர்ப்பு இறால் போகும், குளத்தில் 30 நாளாவது இருந்தது என்று டிஎஸ்-2031 படிவத்தில் உறுதி தர வேண்டும். நண்டுக்கும் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். டால்ஃபினும் ஆவுளியாவும் (கடற்பசு) வலையில் மாட்டாத ஏற்பாடு பிடிக்கும் நாட்டில் உண்டா என்று பார்க்கிறது. அமெரிக்க ஒப்பந்தம் போடும் அன்று, அந்தச் சட்டப்படி ஒப்புதல் பெற்றவற்றின் பட்டியலையும் பாருங்கள்.

தொண்டிக்கரை:
நன்றி அண்ணே. நாங்கள் மூன்று கரையில் வாங்குகிறோம். அன்றைய நண்டு முழுவதையும் ஒரே கொப்பரையில்தான் அவிக்கிறோம். பட்டியலில் எல்லாப் படகையும் எழுதினால் போதாதா?

கரைவலை:
எழுதலாம், ஆனால் ஒரு படகில் சிக்கல் வந்தால் அன்றைய சதை முழுக்கப் போகும். எந்தச் சதை எந்தப் படகுடையது என்று உங்களால் பிரித்துக் காட்ட முடியாதே. கரை வாரியாகத் தனித்தனியாக அவியுங்கள். ஏலத் துண்டுச் சீட்டில் படகின் பதிவு எண், வலை வகை, எடை, நேரம் நான்கும் அங்கேயே எழுதி வாங்குங்கள். கூடத்துக்கு வந்தபின் கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்வார்கள். கூடையில் கரைக்கு ஒரு நிற அட்டை. டின் மூடியில் தேதியோடு கரைக் குறியீடும் அச்சாகட்டும். அவிக்கும் முன் எடை, எடுத்த சதை எடை இரண்டும் அதே குறியீட்டில் பதிவேட்டில் ஏற வேண்டும். வந்த நண்டுக்குப் பொருந்தாத அளவு சதை காட்டினால் தணிக்கைக்கு வருபவர் முதலில் அங்கேதான் விரலை வைப்பார்.