புதுப்பிப்பு: கடலோர நடையின் ஐந்தாம் நாளும் நிறைவடைந்தது

குதிகால் கொப்புளத்தோடு கழிமுகத்தின் கரையில் அமர்ந்து, கடைசி நாளைக் கைவிட்டுவிடலாமா என்று நான்காம் நாள் மாலை கேட்டிருந்தேன். தாழ் ஓதம் வரும்வரை காத்திருந்து கடக்கும்படி பலர் எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன், நடையும் முடிந்தது.

ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போவதால், முதல் நாள் குறித்துவைத்த நேரத்தை நம்பியிருந்தால் நீர் வேகமாக வடிந்துகொண்டிருக்கும்போதே இறங்கியிருப்பேன். உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடைப்பட்ட சுமார் ஆறு மணி நேரத்தில், நடுவில் வரும் இரண்டு மணி நேரத்திலேயே நீர்மட்டத்தின் பாதி மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது என்பதால், கழிமுகத்தின் இழுப்பும் அப்போதுதான் கடுமையாக இருக்கிறது. நீரோட்டம் ஓய்ந்த பிறகு, தவறி விழுந்தால் முதுகுப்பையை உடனே உதறிவிட வசதியாக இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, காலணியோடே இறங்கினேன். முழங்காலுக்கு மேல் நீர் ஏறவில்லை.

அதன்பின் ஈர மணலை ஒட்டியே நடந்தேன். மணற்துகள்களுக்கு இடையே நிற்கும் நீர் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் கால் புதையவில்லை. உலர் மணலில் நடந்த மூன்றாம் நாளின் களைப்பை நினைத்தால், இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கொப்புளத்தை உடைக்காமல் மெத்தைக் கட்டுப் போட்டிருந்தேன், வலி பொறுக்கும்படியே இருந்தது.

கடைசி முனையைச் சுற்றி வந்து திரும்பிப் பார்த்தபோது, ஐந்து நாள் நடந்த கரை முழுவதும் வளைந்து தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.