‘போரும் வாழ்வும்’: நாளுக்கு ஓர் அத்தியாயம் என்பது யார் போட்ட சட்டம்?

கரிசல்மேகம்:
நேற்று இங்கே ஓர் அன்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலில் 361 அத்தியாயங்கள் இருப்பதால், விடிந்ததும் ஓர் அத்தியாயம் என்று ஓராண்டு முழுவதும் படிப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்கிறார். அது அவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதோடு நிற்காமல், ‘டால்ஸ்டாய் இதைப் பத்திரிகைத் தொடராகத்தான் எழுதினார், அக்காலத்து ரஷ்யர்கள் சிறுகச் சிறுகத்தான் படித்தார்கள், மொத்தமாகப் படித்து முடிப்பவர்கள் படித்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்’ என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து போகாமல் ஒரு கோடை விடுமுறைக்குள் டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பைப் படித்து முடித்த என்னைப் போன்றவர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை அவரே விளக்கட்டும்.

உண்மை என்னவென்றால், ‘ரூஸ்கி வெஸ்த்னிக்’ என்ற இதழில் 1865, 1866 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது ‘1805ஆம் ஆண்டு’ என்ற தலைப்பிலான தொடக்கப் பகுதி மட்டுமே. மற்றதெல்லாம் நேரடியாகப் புத்தகமாக வந்தது. நெப்போலியனின் படையோடு நடந்த போரோதினோ போர் தொடரில் வரவில்லை. மாஸ்கோ எரிந்தது தொடரில் வரவில்லை. குடியானவச் சிப்பாய் பிளாத்தோன் கரத்தாயெவ் தொடரில் வரவில்லை.

விடியற்காலை:
அந்த அன்பர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், எனக்கு வருத்தம் இல்லை.

கரிசல்மேகம் ஐயா ஓர் இதழின் பெயரையும் இரண்டு ஆண்டுகளையும் சொல்லிவிட்டு வழக்கை வென்றுவிட்டதாக நினைக்கிறார். நான் சொன்னது படிக்கும் முறையைப் பற்றி. இளவரசர் ஆந்திரேய் வழியில் பார்க்கும் ஓக் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தொகுதியின் மூன்றாம் பாகத்தில், முதல் அத்தியாயத்தில் அந்த மரம் வசந்தத்தை நம்ப மறுத்து, பட்டை உரிந்து, மொட்டையாக நிற்கிறது. அடுத்த அத்தியாயத்தில் ஒத்ராத்னோயே மாளிகையில் நிலா வெளிச்சத்தில் மேல்மாடிச் சன்னலிலிருந்து நடாஷாவின் குரல் அவர் காதில் விழுகிறது. அதற்கடுத்த அத்தியாயத்தில் ஜூன் தொடக்கத்தில் அவர் திரும்பிவரும்போது அதே மரம் அடையாளம் தெரியாதபடி தழைத்திருக்கிறது; முப்பத்தொரு வயதில் வாழ்க்கை முடிந்துவிடாது என்று அவர் முடிவுசெய்கிறார். ஜனவரி முதல் தேதி தொடங்கியவருக்கு இந்த மூன்று அத்தியாயங்களும் ஏப்ரல் நடுவில், மூன்று வெவ்வேறு காலைகளில் வரும். மொட்டை மரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு தூங்கி எழுந்தவருக்குத்தான் அது தழைத்ததன் அருமை தெரியும். அரைமணி நேரத்தில் மூன்றையும் கடந்துபோனவருக்கு அது மரம் மட்டுமே.

கரிசல்மேகம்:
அம்மா, ஓக் மரம் அழகுதான். அது தொடரில் வந்ததா? வரவில்லை. 1809ஆம் ஆண்டில் நிற்கிற மரம் ‘1805ஆம் ஆண்டு’ என்ற தொடருக்குள் எப்படி வரும்?

பழையபைண்டிங்:
தொடர், தொடர் என்று இப்படிக் குதிப்பவருக்கு ஒன்று சொல்கிறேன். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாரம்தோறும் கல்கியில் வந்தபோது எங்கள் வீட்டில் இதழ் வந்ததும் என் தாத்தா வாய்விட்டுப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த இதழ் வரும்வரை வந்தியத்தேவனைப் பற்றித்தான் பேச்சு. பிறகு அந்தப் பக்கங்களையெல்லாம் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்தார்கள். அது இன்றும் என்னிடம் இருக்கிறது. ஒரு கதையோடு ஆண்டுக்கணக்கில் கூடவே வாழ்வது என்ன என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். மெதுவாகப் படிப்பவர்களைக் கேலி செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கரிசல்மேகம்:
யோசித்துவிட்டேன். பொன்னியின் செல்வன் முதலிலிருந்து கடைசிவரை தொடராகவே வந்தது. அடுத்த வாரம் வரை வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அதன் அத்தியாயங்கள் கதவைத் தட்டும் ஓசையிலும் இருட்டில் தெரியும் உருவத்திலும் முடிகின்றன. டால்ஸ்டாயின் அத்தியாயங்களுக்குத் தலைப்புகூடக் கிடையாது; சில அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களிலேயே முடிந்துவிடுகின்றன. அப்படி ஒரு துண்டைப் படித்து, புத்தகத்தை மூடி, நாள் முழுவதும் அதை அசைபோடுவதாகச் சொல்வது எனக்குச் சற்று நாடகமாகத் தோன்றுகிறது.

மேலும் உங்கள் தாத்தா ஒரு வாரம் காத்திருந்தது அடுத்த இதழ் அச்சாகவில்லை என்பதால். கையில் முழுப் புத்தகமும் இருந்திருந்தால் அவரும் அன்றிரவே விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பழையபைண்டிங்:
என் தாத்தாவை இதில் இழுக்க வேண்டாம்.

கரிசல்மேகம்:
இழுத்துவந்தது நீங்கள்.

நடுப்பக்கம்:
இருவருமே பொருளை விட்டு விலகிப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘படித்தேன்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் இந்த விவாதம் பாதியாகக் குறையும். கண் ஓட்டியதையா, நினைவில் நின்றதையா, மறுபடியும் எடுத்துப் படிக்கத் தோன்றியதையா? டால்ஸ்டாயே 1868இல் எழுதிய ஒரு கட்டுரையில் இது நாவல் அன்று, காவியம் அன்று, வரலாற்றேடும் அன்று என்று சொல்லியிருக்கிறார். அப்படி இருக்கும்போது இதை நாவலைப் போலத்தான் படிக்க வேண்டுமா என்ற கேள்வியே முதலில் வர வேண்டும்.

இரவல்சீட்டு:
வரையறை கிடக்கட்டும். எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ‘போரும் வாழ்வும்’ முதல் தொகுதியை எடுத்த ஒருவர் மாதக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். நூலகரிடம் கேட்டால் ‘அவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறார்’ என்கிறார். விடியற்காலை அம்மா, அது நீங்கள்தானா?

விடியற்காலை:
என்னிடம் இருப்பது சொந்தப் பிரதி. அட்டையின் உட்புறத்தில் என் கணவரின் கையெழுத்தும் இருக்கிறது, வேண்டுமானால் படம் எடுத்துப் போடுகிறேன். நூல் கிடைக்காத கோபத்தை என்மேல் காட்ட வேண்டாம்.

கரிசல்மேகம் ஐயாவுக்கு. மிச்சம் நேரடியாகப் புத்தகமாக வந்தது என்றீர்களே, அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்பதை ஏன் சொல்லவில்லை? ஆறு தொகுதிகளாக, 1867ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கி 1869ஆம் ஆண்டின் கடைசிவரை, விட்டுவிட்டு வந்தது. நெப்போலியன் மாஸ்கோவை விட்டுப் போனானா இல்லையா என்பதற்கு அந்த வாசகர்கள் எவ்வளவு காலம் காத்திருந்திருப்பார்கள்! தொடரின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 1865 முதல் 1869 வரை ஆகிறது. நாங்கள் ஓராண்டில் முடிப்பது அவர்களோடு ஒப்பிட்டால் அவசரம்.

கரிசல்மேகம்:
தொகுதி வேறு, தொடர் வேறு. ஒரு தொகுதி கைக்கு வந்ததும் அதை நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பங்கிட்டுப் படித்தார்கள் என்று நினைக்கிறீர்களா? வந்த அன்றே உட்கார்ந்து முடித்துவிட்டு அடுத்தது எப்போது என்று கடைக்காரரை நச்சரித்திருப்பார்கள், எந்த நாட்டு வாசகரும் அப்படித்தான். இன்னொன்றும் கேளுங்கள். போரோதினோ களத்தை டால்ஸ்டாய் நேரில் போய்ச் சுற்றிப் பார்த்ததே 1867 செப்டம்பரில்தான். அதற்கு முந்தைய ஆண்டோடு பத்திரிகையில் வந்தது நின்றுபோயிற்று. களத்தையே பார்க்காத ஒருவர் அந்தக் களத்தைத் தொடராக எழுதினார் என்பது உங்கள் வாதம்.

உங்கள் முறையால் இழப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோலகோவ் ஜனவரியில் மூன்றாம் மாடிச் சன்னல் விளிம்பில் உட்கார்ந்து ஒரு பாட்டில் ரம்மைக் குடிக்கிறான். மார்ச்சில் பியேருடன் துப்பாக்கிச் சண்டை. அக்டோபர் கடைசியில் பிரெஞ்சு அதிகாரியாக வேடம் போட்டுக்கொண்டு, சின்னப்பையன் பேத்யாவையும் கூட்டிக்கொண்டு எதிரி முகாமுக்குள் நுழைகிறான். அதற்குள் தோலகோவ் யார் என்று உங்களுக்கு நினைவிருக்குமா? அதே ஆள்தான் இவன், அந்தக் குடிகாரத் திமிர்தான் இங்கே துணிச்சலாகியிருக்கிறது என்று எனக்குப் படித்த மறுநொடியே பொறி தட்டியது, ஏனென்றால் சன்னல் விளிம்பு இன்னும் கண்ணில் இருந்தது.

விடியற்காலை:
பத்து மாதத்துக்கு முன் பார்த்த ஆளைப் பத்து மாதம் கழித்துச் சந்திப்பதுதான் வாழ்க்கையில் நடப்பது. தோலகோவ் மறுபடி வந்தபோது பழைய மாணவன் ஒருவன் மீசையோடு வந்து நின்றதுபோல் இருந்தது எனக்கு. அந்த அனுபவம் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

விரைவாகப் படித்தும் எல்லாம் நினைவிருப்பதாகச் சொல்பவருக்கு ஒரு சின்னக் கேள்வி. மாஸ்கோவைக் கைவிடலாமா என்று ஃபிலி கிராமத்தில் தளபதிகள் கூடிப் பேசும் காட்சி யார் கண்வழியே காட்டப்படுகிறது?

கரிசல்மேகம்:
மலாஷா. ஆறு வயதுக் குடியானவர் வீட்டுப் பெண். ரஷ்யத் தலைமைத் தளபதி குதூசோவ் கொடுத்த சர்க்கரைக் கட்டியோடு அடுப்பின் மேல்மேடையில் படுத்தபடி பார்க்கிறாள். குதூசோவை மனத்துக்குள் தாத்தா என்கிறாள். பென்னிக்சனை நீளக்கோட்டு ஆள் என்கிறாள். தாத்தா பக்கம்தான் நிற்கிறாள். தேர்வு முடிந்ததா, தலைமையாசிரியை அவர்களே?

மலாஷாவும் தொடரில் வரவில்லை.

மார்கழிப்பனி:
இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தேன். திருப்பாவையில் 30 பாசுரங்கள் இருக்கின்றன. மார்கழியில் நாளுக்கு ஒன்று என்று தலைமுறை தலைமுறையாகச் சேவிக்கிறோம். ஒரே நாளில் முப்பதையும் சொல்ல முடியாதா என்ன? முடியும், சொல்வதும் உண்டு. ஆனாலும் இன்றைய பாசுரம் இன்று என்கிற அந்த நியமத்தில்தான் மனம் நிற்கிறது. விடியற்காலை அம்மா செய்வதும் அதுதான்.

கரிசல்மேகம்:
அப்படிச் சொல்லுங்கள். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல நினைத்தேன், அம்மா மனம் வருந்துவார் என்று விட்டுவிட்டேன். இது வாசிப்பு அன்று, பாராயணம். விளக்கேற்றி, மணியடித்து, இன்றைய அத்தியாயம் ஆயிற்று என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

மார்கழிப்பனி:
பாராயணம் என்பதை வசைச்சொல்லாக்கிய உங்கள் பண்பாட்டை மெச்சுகிறேன். கரமாசவ் சகோதரர்கள் பற்றிய விவாதத்திலும் ஸோசிமா பாதிரியாரின் பகுதியைத் தாண்டிப் போய்விட்டேன் என்று பெருமையாக எழுதியவர்தானே நீங்கள்?

கரிசல்மேகம்:
தாண்டிப் போனேன் என்று எழுதவில்லை, விரைவாகப் போனேன் என்று எழுதினேன். எடுத்துப் பாருங்கள்.

நடுப்பக்கம்:
ஒரு தகவல் மட்டும். ‘ரூஸ்கி வெஸ்த்னிக்’ இதழில் ‘1805ஆம் ஆண்டு’ வந்துகொண்டிருந்த அதே 1866இல்தான் தாஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ தொடராக வந்தது. இரண்டையும் ஒரே இதழில் பெற்ற வாசகர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்பது சுவையான கேள்வி. என் வரையறைக் கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

பழையபைண்டிங்:
விரைவாகப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இரண்டாம் பின்னுரையின் 12 அத்தியாயங்களையும் படித்தீர்களா? கதையே இல்லாமல், அதிகாரம் என்றால் என்ன, மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா என்று டால்ஸ்டாய் தர்க்கம் செய்யும் பகுதி அது. கோடை விடுமுறை வேகத்தில் அது தாங்காது. நடாஷாவுக்குக் குழந்தைகள் பிறந்ததோடு புத்தகத்தை மூடியிருப்பீர்கள்.

கரிசல்மேகம்:
படித்தேன், பிடிக்கவில்லை. 1873ஆம் ஆண்டுப் பதிப்பில் டால்ஸ்டாயே இந்தத் தத்துவப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாகத் தள்ளினார் என்பது தெரியுமா? எழுதியவரே ஓரமாக எடுத்து வைத்ததை நான் விரைவாகக் கடந்தால் குற்றமா?

விடியற்காலை:
பிந்தைய பதிப்புகளில் அவை பழைய இடத்துக்கே திரும்பிவந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். பாதியை மட்டும் சொல்வது இந்த விவாதத்தில் அவருக்கு இரண்டாவது முறை. ஜனவரியில் தொடங்குகிறவருக்கு அந்தப் பன்னிரண்டும் டிசம்பர் 16இல் தொடங்கி 27இல் முடியும். நாளுக்கு ஒன்றாகப் படித்தால் அவை பாரமாகவே இல்லை. இரண்டாவது நாளில் எழுந்த மறுப்புக்கு ஐந்தாவது நாளில் அவரே விடை சொல்கிறார்.

மார்கழிப்பனி:
டிசம்பர் 16 மார்கழி பிறக்கிற நாளாயிற்றே! பொருத்தம்தான்.

கரிசல்மேகம்:
மார்கழியும் வந்துவிட்டது, இனிப் பொங்கல் சுண்டலும் வரும். நான் கேட்டதற்கு மட்டும் விடை வராது. அம்மா, மரம், மாணவன், மீசை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே சொல்லில் சொல்லுங்கள்: போரோதினோ தொடரில் வந்ததா, இல்லையா?

விடியற்காலை:
போரோதினோவைப் படித்து முடிக்க எனக்கு ஆகஸ்ட் பாதிவரை ஆயிற்று. உங்களுக்கு ஒரு பிற்பகல் ஆகியிருக்கும். ஒரே சொல்லில் விடை கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

கரிசல்மேகம்:
ஆக, வரவில்லை.

இரவல்சீட்டு:
இன்று நூலகத்துக்குப் போனேன். முதல் தொகுதி திரும்பிவந்துவிட்டது. இரண்டாம் தொகுதியை அதே ஆள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பழையபைண்டிங் ஐயா, நீங்கள் எந்த ஊர்?